ஒரு கன்சோல் வரி வந்த வழி

வைகை அணையில் 71 அடி வரை தண்ணீர் நிறுத்தலாம். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை. 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது. அதன்பின் வரத்தாகும் தண்ணீர் உபரியாக ஆற்றில் இறங்கும். தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். அணையில் 40 அடி இருக்கும்போது யாரும் சங்கு ஊதுவதில்லை. அன்றைய அளவு நாளிதழின் மூலையில் ஒரு வரியாக வரும். சோழவந்தான் விவசாயி தேவைப்பட்டால் தேடிப் பார்த்துக்கொள்வார்.

நிரல்கள் பேசும் பேச்சுக்கு இப்படியொரு ஒழுங்கு வந்துவிட்டதா என்றால், வந்தும் வராமலும் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். இலந்தைக்குளம் எல்காட் பூங்காவிலோ, வடபழஞ்சியிலோ, திருநகரில் வீட்டு மாடியில் அமர்ந்தோ வலைத்தளம் செய்கிறவர்கள் அன்றாடம் அதிகம் தட்டுகிற கட்டளைகளில் ஒன்று கன்சோல்.லாக். பிரவுசரில் எஃப்12 பொத்தானை அழுத்தினால் திறக்கும் பலகையில் ஒரு வரியை அச்சிடும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த ஒற்றை வரி எங்கிருந்து புறப்பட்டது, வழியில் என்னென்ன சட்டை மாட்டிக்கொண்டது, எங்கே அடிபட்டது என்று பார்த்தால் வலைநிரலாக்கத்தின் பாதிக் கதை கிடைத்துவிடும்.

திரைகள் பரவலாவதற்கு முன் கணினி காகிதத்தில் பேசியது. டெலிடைப் இயந்திரம் தடதடவென்று வரி வரியாக அடித்துத் தள்ளும். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரமும் மையும் செலவு. அடித்ததை அழிக்க முடியாது. யுனிக்ஸின் பழைய கட்டளைகள் வேலை ஒழுங்காக முடிந்தால் வாயைத் திறக்காமல் போய்விடுவதற்கு அந்தக் காலச் சிக்கனமும் ஒரு காரணம் என்பார்கள். இன்றைக்கு ஒரு பக்கம் திறப்பதற்குள் நானூறு வரி கொட்டும் தளங்களைப் பார்க்கும்போது, காகிதச் செலவு கொஞ்ச நாள் நீடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

திரை வந்ததும் அலங்காரமும் வந்தது. டிஇசி நிறுவனம் 1978-ல் வெளியிட்ட விடி100 முனையத்தில் நிறம் கிடையாது. ஆனால் எழுத்தைத் தடிமனாக்கலாம், அடிக்கோடிடலாம், கண் சிமிட்ட வைக்கலாம். அதற்கு எஸ்கேப் எழுத்தில் தொடங்கும் ஒரு சங்கேத வரிசையை அனுப்ப வேண்டும். அந்தச் சங்கேதங்களுக்கு ஈசிஎம்ஏ-48 என்ற தரம் 1976-லேயே வகுக்கப்பட்டிருந்தது. பின்னால் வந்த வண்ணத் திரைகளில் 31 என்று அனுப்பினால் சிவப்பு, 32 என்றால் பச்சை, 33 என்றால் மஞ்சள். இன்று மடிக்கணினியின் கருப்புத் திரையில் பிழை சிவப்பாக ஓடுவதும் இதே எண்களை வைத்துத்தான்.

நிறம் இருந்தால் போதுமா, எது எவ்வளவு அவசரம் என்று யார் சொல்வது? பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த எரிக் ஆல்மன், தம் சென்ட்மெயில் அஞ்சல் மென்பொருளுக்காக 1980-களில் சிஸ்லாக் என்ற ஏற்பாட்டைச் செய்தார். செய்தி ஒவ்வொன்றும் நெற்றியில் ஓர் எண்ணோடு வரும். 0 என்றால் இயந்திரமே படுத்துவிட்டது, 7 என்றால் நிரலர் தமக்குத் தாமே முணுமுணுப்பது. மொத்தம் எட்டுப் படி. 2009-ல் முறையான இணையத் தரமாக எழுதப்பட்டபோதும் எட்டும் அப்படியே இருந்தன. எட்டையும் வேறுபடுத்திப் பயன்படுத்துகிற குழுவை நான் பார்த்ததில்லை. வைகைக்கு மூன்று போதுமாக இருக்கிறது.

பிரவுசருக்குள் இந்த வரி வந்து சேர்ந்தது வெகு தாமதமாக. பிரெண்டன் ஐக் 1995-ல் நெட்ஸ்கேப்பில் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். அவசரத்தில் பிறந்த அந்த மொழிக்கு, தன் உள்நிலையைச் சொல்ல வாய் இல்லை. நிரலர்கள் அலர்ட் பெட்டியை வைத்து ஒப்பேற்றினார்கள். ஒரு மாறியின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் நடுத்திரையில் பெட்டி குதிக்கும், சரி என்று அழுத்தினால்தான் அடுத்த அடி. நூறு முறை சுழலும் கண்ணியில் ஓர் அலர்ட்டை வைத்துவிட்டால் நூறு சரி. அந்தத் தலைமுறை மதுரைக் கல்லூரி ஆய்வகங்களிலும் இதைத்தான் படித்தது.

ஜோ ஹியூவிட் 2006 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸுக்கு ஃபயர்பக் என்ற துணைநிரலை வெளியிட்டார். கன்சோல்.லாக் பரவியது அதன் வழியாகத்தான். சி மொழியின் பிரிண்ட்எஃப் கட்டளையிலிருந்து %எஸ், %டி என்ற இடக்குறிகளை அது கடன் வாங்கியது. %எஸ் இருக்குமிடத்தில் சொல், %டி இருக்குமிடத்தில் எண் என்று வரியை வார்த்துக்கொள்ளலாம். செய்திகளை மடித்துக் குழுவாக்கவும், எவ்வளவு நேரமாயிற்று என்று அளக்கவும் தனித்தனிக் கட்டளைகள் வந்தன. மற்ற பிரவுசர்களும் இதையே பின்பற்றின. வேடிக்கை என்னவென்றால், கன்சோல் என்பது ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்தில் இன்றுவரை இல்லை. ஒவ்வொரு பிரவுசரும் தன் பங்குக்கு வெளியிலிருந்து கொடுக்கிற சாமான் அது.

அதனால் ஒரு விபரீதமும் நடந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8, 9 பதிப்புகளில் டெவலப்பர் கருவியைத் திறந்தால்தான் கன்சோல் என்ற பொருளே உயிர்பெறும். நிரலர் ஒரு கன்சோல்.லாக் வரியை மறந்துபோய் விட்டுவைத்திருப்பார். வாடிக்கையாளரின் கணினியில் அந்த வரியைத் தொட்டதும், கன்சோல் வரையறுக்கப்படவில்லை என்று நிரல் அங்கேயே செத்துவிடும். புகார் வரும். நிரலர் என்ன ஆயிற்று என்று பார்க்கக் கருவியைத் திறப்பார். திறந்ததும் கன்சோல் பிறந்துவிடும், பக்கம் ஜோராக ஓடும். 'என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது' என்ற புகழ்பெற்ற பதிலுக்கு இதைவிட நியாயமான சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. பிழை தேட வைத்த வரியே பிழையானது.

இப்போது கன்சோலுக்கென்று வாட்விஜி அமைப்பின் தரம் ஒன்று இருக்கிறது. அதன்படி வரி மூன்று கைகள் மாறுகிறது. லாகர் வாங்கிக்கொள்கிறது. முதல் துண்டில் இடக்குறிகள் இருக்கலாம் என்றால் ஃபார்மேட்டர் அவற்றை நிரப்புகிறது. பிரிண்டர் திரையில் போடுகிறது. நாம் கைவைக்கக் கூடிய இடம் நடுவில் இருப்பது.

அங்கேதான் %சி வருகிறது. அந்தக் குறி நின்ற இடத்திலிருந்து, அடுத்த துண்டில் கொடுக்கும் சிஎஸ்எஸ் வரியின்படி எழுத்துக்கு நிறம், பின்னணி, அளவு, ஓரம் எல்லாம் மாறும். அணை நீர்மட்டம் காட்டும் ஒரு பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 66-க்குக் கீழே சாதாரண வரி, 66-ஐத் தொட்டால் நீலப் பின்னணி, 68.5 என்றால் மஞ்சள். 69 என்றால் சிவப்பில் வெள்ளை எழுத்து. இரண்டாவது %சி போட்டு வெற்று வரியைக் கொடுத்தால் அலங்காரம் அங்கே நின்றுவிடும். மஞ்சளையும் சிவப்பையும் வெறும் லாகில் பூசாமல் கன்சோல்.வார்ன், கன்சோல்.எரர் வழியாக அனுப்புவது நல்லது. நிறம் கண்ணுக்கு மட்டும்தான். படிநிலை இருந்தால்தான் கருவியின் மேலே உள்ள வடிகட்டியில் மற்றதை மறைத்துவிட்டு எச்சரிக்கைகளை மட்டும் பார்க்க முடியும். நிறத்தைப் பூசிவிட்டுப் படிநிலையை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இதே %சி-யை ஃபேஸ்புக் வேறு காரியத்துக்கு எடுத்துக்கொண்டது. அந்தத் தளத்தில் கன்சோலைத் திறந்தால், நிறுத்து என்று பெரிய சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை நிற்கும். எதையோ இங்கே ஒட்டினால் பிறர் கணக்கைத் திறக்கலாம் என்று ஆசைகாட்டி, ஒட்டுகிறவரின் கணக்கையே பறிக்கும் மோசடிக்கு எதிரான பலகை அது. நிரலருக்காகப் பிறந்த வரி பொதுமக்களிடம் பேசிய அபூர்வமான இடம்.

அலங்காரத்தை ஒவ்வொரு முறையும் கையால் எழுத அலுத்துப்போய், எல்லோரும் அடுத்துச் செய்வது சொந்தமாக ஒரு செயற்கூறு எழுதுவது. உள்ளே கன்சோல்.லாக், வெளியே அழகான பெயர். ஜாவாஸ்கிரிப்டில் பெயர்கள் தமிழிலும் இருக்கலாம் என்பதால் 'எச்சரி', 'பதிப்பி' என்றே வைக்கலாம். பதிப்பி என்ற பெயருக்கு முன்னோடியும் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் அச்சிடும் கட்டளை அதுதான்.

ஆனால் இப்படிப் பொதிந்ததும் ஒன்று தொலைகிறது. கன்சோலின் வலது ஓரத்தில் அந்த வரி எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று காட்டுமே, அது இப்போது எல்லாச் செய்திக்கும் உங்கள் செயற்கூறு இருக்கும் ஒரே இடத்தைக் காட்டும். கடித உறையில் அனுப்பியவர் முகவரிக்குப் பதில் தபால் நிலைய முத்திரை மட்டும் இருப்பது போல. தப்பிக்க வழி இருக்கிறது. செயற்கூறாகப் பொதியாமல், கன்சோல்.லாகை பைண்ட் கட்டளையால் கன்சோலோடும் முன்கூட்டி எழுதிய %சி அலங்காரத்தோடும் கட்டி, கிடைப்பதற்குப் பெயர் வையுங்கள். அப்போது அழைப்பது நேரடியாகக் கன்சோலையே என்பதால் வரி எண் சரியாக வரும். இல்லையென்றால் கருவியின் அமைப்பில் உங்கள் லாக் கோப்பைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்க்கலாம். முதல் வழிதான் என் சிபாரிசு. அது நிரலோடு பயணம் செய்யும்; அமைப்பு அவரவர் கணினியோடு நின்றுவிடும்.

ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் நோடை ரையன் டால் 2009-ல் அறிமுகப்படுத்தினார். அதன் வழியாக இந்த வரி பிரவுசரை விட்டு சர்வருக்குக் குடிபெயர்ந்தது. கன்சோல்.லாக் ஒரு குழாயிலும் கன்சோல்.எரர் இன்னொரு குழாயிலும் போகும். ஆனால் %சி அங்கே செல்லுபடியாகாது. நோட் அந்தக் குறியைப் பார்த்ததும் சிஎஸ்எஸ்ஸை விழுங்கிவிட்டுச் சும்மா இருந்துவிடும். சர்வரில் வண்ணம் வேண்டுமென்றால் விடி100 காலத்து எஸ்கேப் சங்கேதங்களுக்கே திரும்ப வேண்டும்.

அந்தச் சங்கேதங்களை மனப்பாடம் செய்யச் சோம்பல்பட்ட உலகம் சாக், கலர்ஸ் போன்ற குட்டி நூலகங்களைச் சார்ந்தது. வண்ணம் பூசுவதைத் தவிர வேறு வேலை இல்லாதவை. 2022 ஜனவரியில் கலர்ஸின் ஆசிரியரே அதில் முடிவில்லாக் கண்ணி ஒன்றைச் சேர்த்துவிட, அதை நம்பியிருந்த நிரல்களின் திரையில் குப்பை எழுத்து நிற்காமல் ஓடியது. 2025 செப்டம்பரில் சாக் உள்ளிட்ட பல தொகுப்புகளைப் பராமரிப்பவர் ஒரு போலி மின்னஞ்சலில் ஏமாற, கிரிப்டோ பணத்தைத் திருடும் நிரல் அவற்றில் நுழைந்தது. அந்தத் தொகுப்புகள் எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு இருநூறு கோடிக்கு மேல் பதிவிறக்கம் ஆகிறவை. ஒரு வரியைச் சிவப்பாக்க ஊர்பேர் தெரியாத நிரலை வீட்டுக்குள் விட்டதன் விலை. இப்போது நோடிலேயே ஸ்டைல்டெக்ஸ்ட் என்ற வசதி வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இனி நம் எழுத்துக்கு வருகிறேன். கன்சோல் வரியில் தமிழைப் போட்டுப் பார்த்தவருக்கு முதலில் வரும் தலைவலி, பத்தி நேராக நிற்காதது. ஊர்ப் பெயர்களைப் பதினைந்து இடத்துக்கு நிரப்பி அடுக்கச் சொல்லி பேட்எண்ட் கட்டளையைக் கொடுக்கிறோம். ஜாவாஸ்கிரிப்ட் எழுத்தை எண்ணுவதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டு அலகுகளை எண்ணுகிறது. மதுரை நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. உசிலம்பட்டி நமக்கு ஏழு; அதற்குப் பதினொன்று, ஏனென்றால் கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனி அலகு. திருப்பரங்குன்றம் நமக்குப் பத்து, அதற்குப் பதினேழு. பதினைந்தைத் தாண்டிவிட்டது என்று அதன் பின்னால் ஓர் இடைவெளிகூட வராது. நீர்மட்ட எண்கள் குடித்தவன் நடை போடும்.

ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல்.செக்மென்டர் என்ற கருவி பயனர் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020-லிருந்தே இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான் வந்தது. அதை வைத்து எண்ணினால் மதுரைக்கு மூன்று கிடைக்கும். (க்ஷ-வை மட்டும் க், ஷ என்று இரண்டாகத்தான் எண்ணும்.) பைத்தானில் வேலை செய்கிறவர்களுக்கு ஓபன்-தமிழ் நூலகம் இதே காரியத்தைச் செய்கிறது. ஆனாலும் பத்தி முழுதாக நேராகாது. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவைக் கன்சோல் பயன்படுத்தும். தமிழில் டகரமும் ஔகாரமும் ஒரே கட்டத்தில் அடங்குமா? ஆகவே பிரவுசரில் கன்சோல்.டேபிள் கட்டளையிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே அது நிஜமான அட்டவணையாக வரையப்படுவதால் எந்த மொழியும் நேராக நிற்கும். நோடில் அதே கட்டளை எழுத்துகளாலேயே கோடு கிழிக்கும், தமிழ் நுழைந்தால் கோடு வளையும். சர்வர் லாகில் பத்தி கட்டும் ஆசையையே விட்டு, எண்களை முன்னாலும் ஊர்ப் பெயரைக் கடைசியிலும் வைப்பது என் வழக்கம்.

இதைவிடக் குழப்பமானது தேடல். மேலூருக்கு வடக்கே இருக்கும் கொட்டாம்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே அலகாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டு அலகாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லாக் கோப்பில் தேடும்போது ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. பயனர் தட்டிய ஊர்ப் பெயரை அப்படியே லாகில் போட்டுவிட்டுப் பிறகு 'கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு விண்ணப்பமும் வரவில்லையே' என்று அறிக்கை எழுதும் அபாயம் உண்டு. எழுதும் முன் நார்மலைஸ் கட்டளைக்குள் விட்டு எடுத்தால் போதும், ஒரே வடிவமாகிவிடும்.

எண்கள் விஷயத்தில் தமிழுக்கு வசதி இருக்கிறது. டுலோக்கேல்ஸ்டிரிங் கட்டளையில் தமிழ்-இந்தியா என்ற குறியைக் கொடுத்தால் லட்சம், கோடி கணக்கில் காற்புள்ளி விழும். 12345678 என்பது 1,23,45,678 ஆகும். ௧, ௨, ௩ என்ற பழைய எண்களிலும் பெறலாம், அழகாக இருக்கும். ஆனால் லாகில் வேண்டாம். பின்னால் அந்த வரியைக் கூட்டிக் கழிக்கப்போவது இன்னொரு நிரல்.

நேரமோ யாரையும் விடாது. சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் ஆற்றில் இறங்கப் போகிறார். ஒரு விடுதி முன்பதிவுத் தளத்தில் கூட்டம். காலை 5:10-க்குப் பணம் கட்டும் இடத்தில் பிழை. சர்வர் லாகில் அன்றைய தேதியைத் தேடினால் ஒன்றுமில்லை. வரி முந்தைய நாள் 23:40 என்று படுத்திருக்கிறது, ஏனென்றால் சர்வர் பேசுவது உலகப் பொது நேரம், நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னே. நம் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையில் நடப்பதெல்லாம் அங்கே நேற்றைய கணக்கு. திருவிழா ஊருக்கு இது சாதாரண இடைவெளி இல்லை. வரியின் தொடக்கத்தில் +05:30 என்ற குறியோடு முழு நேரத்தையும் போட்டால் படிக்கிறவர் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

கடைசியாக, வரிக்குள் என்ன இருக்கிறது என்ற பேச்சு. பயனர் தட்டியதை முதல் துண்டாகக் கொடுக்காதீர்கள். அதில் %எஸ் இருந்தால் ஃபார்மேட்டர் அதையும் இடக்குறி என்று நம்பி அடுத்த துண்டை விழுங்கும். கன்சோலில் இது சின்ன எரிச்சல். ஜாவா உலகின் லாக்4ஜே நூலகமோ லாக் வரிக்குள் இருந்த சங்கேதத்தைப் பார்த்து வெளி சர்வரிலிருந்து நிரலையே இழுத்து ஓட்டியது. 2021 டிசம்பரில் உலகெங்கும் நிர்வாகிகள் தூக்கம் தொலைத்தது அதனால்தான். 2018 மே மாதம் ட்விட்டர் தன் பயனர்கள் எல்லோரையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னதும் ஒரு லாகினால்தான்: மறைகுறியாக்கும் முன்பே கடவுச்சொற்கள் உள் பதிவில் அப்பட்டமாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தன.

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாகை 180 நாள் நாட்டுக்குள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கடிகாரங்களையும் என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். ஆகவே சர்வரில் இன்று நீங்கள் எழுதும் வரி ஆறு மாதம் உயிரோடு இருக்கும், முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படிப்பார். இன்று வேலை முடிக்கும் முன் உங்கள் நிரலில் கன்சோல்.லாக் என்று ஒரு தடவை தேடுங்கள். செல்பேசி எண், ஓடிபி, கடவுச்சொல், ஆதார் எண் உள்ள வரிகளை முதலில் நீக்குங்கள். பிரவுசருக்குப் போகிற கோப்பில் மிச்சமிருப்பதை டெர்சர் போன்ற கருவியே தயாரிப்பின்போது உருவிவிடும், அதற்கான ஒரு வரி அமைப்பை இன்றே போட்டுவிடுங்கள்.